மார்லோ முனையின் பதின்மூன்றாவது நாள்

பெயர்: தவநாயகி சிறிதரன். பிறப்பு: 1963 மார்ச் 9, திருகோணமலை. தொழில்: திருகோணமலையில் வானிலை அவதானிப்பாளர், 1984 முதல் 1996 வரை, செவன் ஹில்ஸில் பிஸ்கட் பொதியிடும் தொழிலாளி, 1998 முதல் 2010 வரை, மார்லோ முனையில் காற்றளவை நிலையப் பராமரிப்பாளர், 2011 பெப்ரவரி 14 முதல் 2013 மார்ச் 8 வரை. வதிவிடம்: வென்ட்வேர்த்வில், சிட்னி. குற்றச்சாட்டு: அளவை நிலையத்தினுள் சாம்பிராணி எரித்தமை.

மார்லோ முனை என்பது சிட்னிக்கு மேற்கே, நீல மலைகளின் பாதுகாக்கப்பட்ட வனாந்தரத்தின் விளிம்பில் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பாறை. அதற்குப் பின்புறம், வனத்தின் எல்லைக்கு வெளியே, கார்விக் அனல்மின் நிலையம் நான்கு புகைபோக்கிகளோடு நிலக்கரி எரிக்கிறது. 2009 யூலையில் புதுப்பிக்கப்பட்ட அதன் அனுமதிப்பத்திரத்தில் பதினேழாவது நிபந்தனை இவ்வாறு சொல்கிறது: ஓர் ஆண்டில் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் மார்லோ முனையின் பார்வைத் தூரம் நாற்பது கிலோமீற்றருக்குக் குறையுமாயின், நிறுவனம் ஈராண்டுக்குள் நான்கு புகைபோக்கிகளிலும் துணி வடிகட்டிகளைப் பொருத்த வேண்டும். மூடுபனியும் மழையும் காட்டில் வைத்த தீயின் புகையும் கணக்கில் சேரா. ஆண்டு என்பது யூலையில் தொடங்கி யூனில் முடியும்.

இந்த நாட்களை எண்ணும் வேலை பெல்ட்டன் என்ற ஒப்பந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பெல்ட்டனுக்குப் பணம் கொடுத்தது கார்விக். அளக்கப்படுபவன் அளப்பவனுக்குச் சம்பளம் கொடுக்கும் இந்த ஏற்பாட்டில் பிழை எதுவும் இருப்பதாக அந்த நான்கு ஆண்டுகளில் எவருமே எழுதிவைக்கவில்லை.

தவநாயகியை வேலைக்கு எடுத்தபோது கண்ணால் பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை. பாறையின் ஓரத்தில் மூன்று மீற்றருக்கு இரண்டு மீற்றர் அளவில் ஒரு தகரக் குடில். அதனுள் ஒரு பெட்டி. அது வெளிக்காற்றை உறிஞ்சி, காற்றில் மிதக்கும் தூசு எவ்வளவு வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் பதிந்துகொள்ளும். திங்கள் முதல் வெள்ளி வரை வந்து குழாயைத் துடைக்க வேண்டும், வடிதாளை மாற்ற வேண்டும், பூட்டிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்.

ஆனால் பன்னிரண்டு வருடம் மணிக்கொரு தடவை வெளியே வந்து, தெரிகிற பொருள் எது, மறைந்த பொருள் எது என்று எழுதிய கண்ணுக்கு, அப்படியொரு பாறையில் சும்மா நிற்க முடியவில்லை. முதல் வாரத்திலேயே வரைபடத்தை விரித்துவைத்து மூன்று அடையாளங்களைத் தெரிவுசெய்தாள். தீக்காவல் கோபுரம், பதினான்கு கிலோமீற்றர். சப்பட்டைத் தலை மலை, நாற்பது. அதற்கும் அப்பால் வானத்தோடு ஒட்டிக் கிடக்கும் நீள்முகடு, ஐம்பத்தெட்டு. வென்ட்வேர்த்வில் கடையில் தன் காசில் வாங்கிய கொப்பியில், காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை, மணிக்கொரு வரி எழுதினாள்.

மலைகளின் இயற்கையான நீலம் அவளுக்கு விரைவில் பழகிவிட்டது. அது மெல்லியது, அதனூடே முகடு தெரியும். கார்விக் பக்கமிருந்து காற்று திரும்பிய நாட்களில் வந்தது வேறு, புகார் என்னும் புகைமூட்டம். மண்ணிறத்தில், கழுவாத கண்ணாடியைப் போல, பள்ளத்தாக்கின் கீழிருந்து ஏறிவரும். முதலில் நீள்முகடு போகும். பிறகு சப்பட்டைத் தலை போகும். உல்லாசப் பயணிகள் கமெராவை எடுத்து, பார்த்து, திரும்ப உறைக்குள் வைப்பார்கள். “மூடுபனி போல” என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு காருக்குப் போவார்கள். நண்பகல் வெயிலில், தோல் எரிகிற சூட்டில், மூடுபனி! தவநாயகிக்கு ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

மாதத்துக்கு ஒருமுறை ஸ்ரீகாந்த் வருவான். பெல்ட்டனின் தரவு அலுவலர், கோயம்புத்தூர்க்காரன், முப்பது வயது. பெட்டியில் பதிந்தவற்றைத் தன் மடிக்கணினிக்கு மாற்றிக்கொண்டு போவது அவன் வேலை. 2012 ஒக்டோபர் 23 செவ்வாய்க்கிழமை அவன் வந்தபோது பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. பக்கத்தில் வாழையிலைத் துண்டொன்றில் அவலும் கடலையும்.

“அக்கா! மெஷினுக்குப் பொட்டு வச்சுட்டீங்களா? சூப்பர். எங்க ஊர்ல லேத்து பட்டறையில எல்லாம் பூசணிக்கா உடைப்பாங்க.”

“இஞ்ச உடைச்சுப் பாரும், காவலாளி வந்து எங்கட தலையை உடைப்பான். இந்தாரும், கடலை சாப்பிடும்.”

“சுண்டல்னு சொல்லுங்க.”

“கடலையைக் கடலை எண்டுதான் சொல்லலாம். தின்னும் வாய்க்கு என்ன பேர் வேணும்?”

அவன் சிரித்துக்கொண்டே ஒரு கை அள்ளினான். பிறகு குடிலைச் சுற்றிப் பார்த்தான். “சாம்பிராணி போடலையா? அது இல்லாம என்னக்கா ஆயுத பூஜை?”

சாம்பிராணி அவள் பையில் இருந்தது. காலையிலிருந்து அதை எடுப்பதும் வைப்பதுமாகத்தான் இருந்தாள். “மெஷின் உறிஞ்சிப் போடும் தம்பி.”

“பத்து நிமிஷந்தானே. அந்த நேரத்தை நான் தரவுல குறி போட்டு எடுத்துடறேன். நான் இருக்கேன்ல?”

கருவியை வணங்காமல் வேலை தொடங்காத பழக்கம் திருகோணமலை நிலையத்திலும் இருந்தது. அங்கே மழைமானிக்குக்கூடப் பொட்டு வைப்பார்கள். ஆனால் அங்கே இருந்த எந்தக் கருவியும் புகையை மோப்பம் பிடிக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒரு சட்டியில் தணல் மூட்டிச் சாம்பிராணியைத் தூவினாள். இரண்டு பேரும் கண்ணை மூடி நின்றார்கள். பிறகு அவள் கதவைத் திறந்துவிட்டு, சட்டியை வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி, கொப்பியை எடுத்தாள். “09.08 சாம்பிராணி கொளுத்தியது. 09.26 அணைத்தது.”

“இதையுமா எழுதுறீங்க?” என்றான் ஸ்ரீகாந்த், இரண்டாம் தடவை கடலை அள்ளியபடி.

“கண்ணாடியில பூச்சி இருந்தாலும் எழுதவேணும். அப்பிடித்தான் பழக்கினவை.”

பத்து மணிக்கு நீள்முகடு தெளிவாகத் தெரிந்தது. ஸ்ரீகாந்த் போய்விட்டான். பதினொரு மணிக்குக் காற்று திரும்பி, மண்ணிறப் புகார் ஏறி வந்தது, நீள்முகடு போயிற்று. பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் சப்பட்டைத் தலை மலையும் இல்லை. எல்லாவற்றையும் எழுதினாள்.

டிசம்பரில் பெல்ட்டனின் முகாமையாளர் கிரெக், குடிலின் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தார். அவருக்கு அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கூரையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. கொப்பிகளைப் புரட்டி, “எவ்வளவு அழகான கையெழுத்து” என்று பாராட்டி, சில பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். பெருமைப்பட்டதை நினைக்க அவளுக்குப் பின்னாளில் உடம்பெல்லாம் எரிந்தது.

2013 பெப்ரவரியில் பெல்ட்டனின் இடைக்கால அறிக்கை வெளிவந்தது. பக்கம் பதினொன்று: “நிலையப் பணியாளர் மத வழக்கத்தின் பொருட்டுக் கருவியின் அருகில் பிசின் எரித்து வந்துள்ளார். ஆகவே இப்பருவத்தின் உயர் அளவீடுகள் யாவும் நம்பத்தகாதவை.” கீழே தயாரித்தவர் பெயர்: ஸ்ரீகாந்த்.

எரித்து வந்துள்ளார். ஒரு நாள், பதினெட்டு நிமிடம் என்று அவளே எழுதிவைத்த வரியை எடுத்து, எட்டு மாதத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்த வரியை அவள் எழுதாமல் விட்டிருந்தால் அவர்களிடம் ஒன்றுமே இருந்திராது. மார்ச் 8 ஆம் திகதி வேலை போயிற்று. அதே வாரம் பெட்டியைத் திருத்துவதற்கென்று கழற்றிக்கொண்டு போனார்கள்; யூன் முடியும்வரை அது திரும்பி வரவில்லை. அந்த நான்கு மாதங்களில் மார்லோ முனையில் எதையுமே எவரும் அளக்கவில்லை.

தவநாயகி கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவை அவள் காசில் வாங்கியவை. யாரும் கேட்க முடியாது. பிறகு பொதுப் பதிவேட்டிலிருந்து அனுமதிப்பத்திரத்தின் முழுப் பிரதியை எடுப்பித்து, குசினி மேசையில் வைத்து, அகராதியோடு வரிவரியாக வாசித்தாள். நாற்பத்தாறாம் பக்கத்தின் அடிக்குறிப்பில் அது இருந்தது: அளவை “கருவியாலோ பயிற்சி பெற்ற அவதானிப்பாளராலோ” செய்யப்படலாம். கொழும்பில் 1984 இல் கொடுத்த பயிற்சிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழோடு ஒரே பிளாஸ்ரிக் உறையில், ஒரு மூலையும் மடியாமல் இருந்தது.

அன்று அவள் எண்ணியதைக் கணவன் சிறிதரன் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். 2012 யூலை முதல் கண்ணால் கண்ட மோசமான நாட்கள் முப்பத்தொன்று. ஈரப்பதன் கூடிய நாட்கள் பதினொன்றை அவளே வெட்டினாள். வனத்துறை முன்கூட்டியே காடு எரித்த நாட்கள் ஏழையும் வெட்டினாள்.

“ஏனப்பா நீரே வெட்டுறீர்? அவங்கள் வெட்டட்டுமே” என்றார் சிறிதரன்.

“அவங்கள் வெட்டினா என்னைக் கள்ளி எண்டுவாங்கள். நான் வெட்டினா மிச்சத்தில ஒருத்தரும் கை வைக்கேலாது.”

மிச்சம் பதின்மூன்று.

“அப்ப வரம்புக்கு மேல ஒண்டு. அது போதும்தானே?”

அவள் பென்சிலை மேசையில் போட்டாள். “அந்த ஒண்டு எது தெரியுமே? ஒக்டோபர் இருபத்திமூண்டு.”

சிறிதரன் கொப்பியை எட்டிப் பார்த்தார். பிறகு, “பூசை அண்டைக்கோ?” என்றார்.

“ஓம். பூசை அண்டைக்கு.”

பதின்மூன்று நாட்களையும் எழுதி அவள் ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு அனுப்பினாள்; ஓகஸ்டில் பொது விசாரணை என்று பதில் வந்தது. ஆனால் பெல்ட்டனின் அறிக்கையில் நாளுக்கு ஒரேயொரு எண்தான் அச்சாகியிருந்தது, நாள் முழுவதன் சராசரி. அதில் ஒன்பது மணிச் சாம்பிராணியையும் பன்னிரண்டு மணிப் புகாரையும் பிரிக்க முடியாது. நிமிடப் பதிவுகளைப் பார்த்தால் பிரிக்கலாம். நிமிடப் பதிவுகள் ஸ்ரீகாந்தின் மடிக்கணினியில் இருந்தன.

அவன் சனிக்கிழமைகளில் மனைவி கலாவோடு வென்ட்வேர்த்வில் ஸ்ரேசனடிக் கடைக்குக் கொத்துரொட்டி சாப்பிட வருவான் என்று அவளுக்குத் தெரியும். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவன் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“என்ன தம்பி, பிசின் எரிச்ச மனிசியை ஞாபகம் இருக்கோ?”

அவன் எழுந்துவிட்டான். “அக்கா… உட்காருங்க. கிரெக் எழுதச் சொன்ன வார்த்தை அக்கா அது. நான் வேற மாதிரிதான் எழுதினேன்.”

“பேர் உம்மட பேர்தானே கிடக்கு?”

கலா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். “ஏங்க, நீங்கதானே சாம்பிராணி போடச் சொன்னதா வந்து சொன்னீங்க?” என்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

“நிமிசப் பதிவு இருக்கோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லும்.”

“இருக்கு. ஒன்பது இருபத்தாறுக்கு அப்புறம் பத்து நிமிஷத்துல இறங்கிடுது. பதினொண்ணு வரைக்கும் சுத்தம். அதுக்கப்புறம்தான் ஏறுது. ரெண்டு தனித்தனி மேடு மாதிரி தெரியும்.”

“அப்ப தாரும்.”

“நானாக் கொடுத்தா வேலை போயிடும் அக்கா. என் வீசா இந்தக் கம்பெனியிலதான் தொங்குது. ஆகஸ்ட்ல விசாரணை வைக்கிறாங்கல்ல, அங்க அவங்க கேட்டா சொல்றேன். கேட்டா பொய் சொல்ல மாட்டேன்.”

வீசாப் பயத்தின் நீள அகலம் அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தது என்பதாலேயே கோபம் இன்னும் கூடியது. “அண்டைக்கும் குறி போட்டு எடுக்கிறன் எண்டுதான் சொன்னனீர்,” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பொது விசாரணை 2013 ஓகஸ்ட் 14 அன்று மலைநகரொன்றின் மண்டபத்தில் நடந்தது. ஒழுங்குமுறை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி தலைமை தாங்கினார். பொறுமையானவர், ஒவ்வொரு கொப்பியையும் திறந்து பார்த்தவர். கார்விக்கின் சட்டத்தரணி எழுந்து, இவற்றுக்கு நீல மலைகள் என்று பெயர் வந்ததே இயற்கையான நீலப் புகாரினால்தான், திருமதி சிறிதரன் இதை அறியாமல் இருக்கலாம் என்றார். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள்.

தவநாயகி தன் தொழிற்சாலை ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, சொன்னாள்: “நீலம் எனக்குத் தெரியும். இரண்டு வருடம் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். நீங்கள் எத்தனை நாள் பார்த்தீர்கள்?”

சட்டத்தரணி தாள்களைப் புரட்டினார். அதிகாரி, “பதில் சொல்லுங்கள்” என்றார்.

“நான் அங்கே சென்றதில்லை.”

இப்போது வேறு சிலர் சிரித்தார்கள். சான்றிதழ் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கொப்பிகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஒக்டோபர் 23 தவிர வேறெந்த நாளிலும் சாம்பிராணி எரிந்ததற்குச் சான்று இல்லை என்று அதிகாரி பதிவுசெய்தார். பதினெட்டு நிமிடத்தை எட்டு மாதமாக்கிய பொய் அரை மணித்தியாலத்தில் உடைந்தது. பன்னிரண்டு நாட்கள் நின்றன.

மீதி அந்த ஒரு நாள். அவதானிப்பாளர் தானே புகை உண்டாக்கிய நாளில் அவருடைய கண்ணை மட்டும் நம்ப இயலாது என்றார் அதிகாரி. தனியான சான்று வேண்டும். அவர் பெல்ட்டனின் மேசைப் பக்கம் திரும்பினார். “அன்றைய நிமிடப் பதிவுகள் உள்ளனவா?”

கிரெக் ஸ்ரீகாந்தைப் பார்த்தார். ஸ்ரீகாந்த் எழுந்தான். தவநாயகி இரு கைகளாலும் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கேட்டாயிற்று. கேட்டால் சொல்வேன் என்றவன் எழுந்து நிற்கிறான்.

“நிமிடப் பதிவுகளைத் தொண்ணூறு நாட்களுக்கு மேல் வைத்திருப்பது எங்கள் நடைமுறை அல்ல,” என்றான் அவன், மேசையைப் பார்த்தபடி. “நாட் சராசரி மட்டுமே உள்ளது.”

“சாம்பிராணிப் புகையையும் நண்பகல் புகாரையும் அதில் பிரித்தறிய முடியுமா?”

“முடியாது.”

தவநாயகி எழுந்து, “அவனிடம் இருக்கிறது. ஏப்ரலில் எனக்குச் சொன்னான்,” என்றாள். அதிகாரி அவனிடம் மறுபடி கேட்டார். அவன் மறுபடி அதையே சொன்னான். இரண்டாம் தடவை குரல் முதல் தடவையை விடத் தெளிவாக இருந்தது. கலா அங்கு வரவில்லை. வேறு சாட்சி இல்லை.

வெளியே கார் தரிப்பிடத்தில் அவன் ஓடிவந்தான். “அக்கா, ஒரு நிமிஷம். நேத்துதான் கிரெக் என் கண் முன்னாடியே அழிக்க வச்சார். நிஜமாவே இப்ப இல்லக்கா. நான் சொன்னது பொய் இல்ல.”

“அழிச்சது யாற்ற கை?”

அவன் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டான்.

“நீர் இருந்த இடத்திலதான் தம்பி நானும் இருந்தனான். கடிதம் வருமோ, திருப்பி அனுப்புவாங்களோ எண்டு ஒரு வருசம் நித்திரை இல்லை. அதுக்காக ஒருத்தற்ற கணக்கையும் நான் மாத்தேல்லை. நீர் உம்மட குடும்பத்தைப் பாத்தீர், சரி. ஆனா என்ர சாமி கும்பிட்டதைக் கொண்டுபோய் அவங்கட புகைக்கு மூடி போட்டீரே, அதை எந்த வீசாவில எழுதி வைச்சிருக்கு?”

“மன்னிச்சிடுங்கக்கா.”

“மாட்டன்.” கார்க் கதவைத் திறந்தாள். “அண்டைக்கு ரெண்டு தரம் கடலை அள்ளினனீர். அதையும் நான் கொப்பியில எழுதியிருக்கவேணும்.”

வீட்டுக்கு வரும் வழி முழுவதும் சிறிதரன்தான் பேசினார். பன்னிரண்டு நாளை ஒத்துக்கொள்ள வைத்ததே பெரிய காரியம், பொய்க்காரி என்ற பேர் போயிற்று, வடிவாய்ப் பேசினீர் என்றார். அவள் கண்ணாடியூடாக மேற்கைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். தன்மீதும் அவளுக்குக் கோபம் இருந்தது. அவனுடைய வார்த்தையைக் கேட்டுத் தணலில் தூவிய அந்த ஒரு பிடியை அவள் ஒருநாளும் அவன் தலையில் முழுதாகச் சுமத்தவில்லை. சாம்பிராணி அவள் பையில்தான் இருந்தது.

அடுத்த ஆறு வாரமும் அவள் வாரத்துக்கொரு நாள் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு மார்லோ முனைக்குப் போனாள். குடிலில் புதுப் பூட்டு. பாறையில் நின்று புதுக் கொப்பியில் எழுதினாள். ஆறு நாட்களில் நான்கு நாட்கள் நண்பகலில் சப்பட்டைத் தலை மலை அங்கே இருக்கவில்லை.

முடிவுக் கடிதம் செப்டெம்பர் 27 வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்பது பக்கம். சிறிதரன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதற் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். அதில் அவளுடைய பதிவுகளின் நேர்த்தி பாராட்டப்பட்டிருந்தது.

“உந்தப் பாராட்டை விடும்,” என்றாள் தவநாயகி. “கடைசிப் பக்கத்து அட்டவணையை வாசியும்.”

அவர் பக்கத்தைப் புரட்டி, சத்தமாக வாசித்தார்.

2012–2013. மார்லோ முனை. வரம்பு: 12 நாட்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டவை: 12 நாட்கள்.